இலைக்கென வளர்க்கும் முருங்கை

இலங்கையின் உலர்வலயத்திலே முருங்கை நில்லாத வளவு அரிது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், வன்னியிலும், மட்டக்களப்பிலும், புத்தளத்திலும் அது வேலிக் கதியாலாகவோ கிணற்றடி மரமாகவோ நிற்கக் காணலாம். ஆனால் பெரும்பாலான வளவுகளில் அது நிற்கும் கோலம் ஒன்றே. அடிமரம் பருத்து, கிளைகள் கூரைக்கு மேலே ஓங்கி, இலை முழுவதும் 20 அடிக்கு அப்பால் இருக்கும். கொக்கத்தடிக்கு எட்டிய காய் பறிக்கப்படும். எட்டாத இலை பழுத்து உதிர்ந்து மண்ணாகும். அதே வீட்டார் சந்தையிலே கீரைப்பிடி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வருவர்.

இதனால் விளையும் நட்டம் எத்தகையது என்பதை 2022ஆம் ஆண்டு நன்கு உணர்த்திற்று. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததிலும் ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்து நின்றது. முட்டையும் பாலும் மீனும் பல குடும்பங்களின் கைக்கு எட்டாமற் போயின. நெல் விளைவித்தோர் வீட்டிலே சோறு இருந்தது. சோற்றோடு சேர வேண்டியவை சுருங்கின. விலை ஏறினும் இறங்கினும் சோற்றுக்குத் துணையாகும் இலையை வாரந்தோறும் சொந்த வேலியிலிருந்தே பெறலாம். ஆயின் அதற்கு முருங்கையைக் காய்க்கென வளர்க்கும் முறை உதவாது. இலைக்கென வளர்க்கும் முறை வேறு.

மரத்தின் இயல்பு

முருங்கையின் தாயகம் வட இந்தியாவிலே இமயமலையின் அடிவாரப் பகுதியாகும். தாவரவியலார் அதன் இனத்துக்கு இட்ட ‘மொறிங்கா’ என்னும் பெயர் முருங்கை என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது. நெடிய, சதைப்பற்றுள்ள காயைத் தரும் யாழ்ப்பாண முருங்கை, தமிழ்நாட்டுக் கமக்காரராலும் அப்பெயரிட்டே அழைக்கப்படுகின்றது.

விரைவாக வளர்வது இம்மரத்தின் இயல்பு. விரைவாக வளர்வதனாலேயே இதன் தடி மென்மையாக இருக்கின்றது. பெருங்காற்றிலே கிளை முறிகின்றது. “முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்” என்பது பழமொழி. பிள்ளையைப் பற்றிய பாதியை இக்காலத்தார் ஏற்பதில்லை, ஏற்க வேண்டியதுமில்லை. முருங்கையைப் பற்றிய பாதியோ முற்றிலும் உண்மை. கிளையின் நுனிமொட்டு இருக்கும்வரை அதற்குக் கீழுள்ள பக்கமொட்டுகள் உறங்கிக் கிடக்கும். நுனியை ஒடித்தவுடன் அவை விழித்தெழுந்து, ஒரு கிளை நின்ற இடத்திலே மூன்று நான்கு தளிர்கள் தோன்றும். ஒடிக்காத மரம் உயர்கின்றது. ஒடித்த மரம் தழைக்கின்றது. இலை வேண்டுவோர் தழைக்கும் மரத்தையே நாட வேண்டும்.

100 கிராம் பச்சை இலையிலே 6 முதல் 9 கிராம் வரை புரதம் உண்டு. இது ஏனைய கீரைகள் பலவற்றினும் மிகுதி. கல்சியமும், இரும்புச்சத்தும், உயிர்ச்சத்து சீயும், உடலிலே உயிர்ச்சத்து ஏயாக மாறும் கரற்றீனும் இதில் நிறைந்துள்ளன. கண்ணுக்கும் இரத்தத்துக்கும் வேண்டுவன இவை. ஆதலால் வளரும் பிள்ளைகளும் கருவுற்ற தாய்மாரும் உள்ள வீட்டிலே இவ்விலைக்கு முதலிடம் அளித்தல் தகும். எனினும் கடைகளில் விற்கப்படும் முருங்கைத் தூளின் மீது அச்சிடப்படும் பெருமைகளை அப்படியே நம்புதல் வேண்டா. தோடம்பழத்தினும் இத்தனை மடங்கு, பாலினும் இத்தனை மடங்கு என்று கூறப்படுவன பல, ஈரம் நீங்கிய தூளை ஈரமுள்ள பழத்தோடும் பாலோடும் நிறுத்துக் காட்டும் கணக்குகளே. முருங்கையிலை நல்ல கீரை. அது மருந்தன்று.

நிலமும் தடியும்

முருங்கை செம்பாட்டு மண்ணிலும், மணல் மண்ணிலும், கற்பாங்கான நிலத்திலும் வளரும். வரட்சியைப் பெரிதும் தாங்கும். அது தாங்காத ஒன்று வேரடியிலே தேங்கும் நீர். ஆகவே நெற்செய்கையாளர் இதனை வயல் வரம்பிலே நடுதல் வீண் முயற்சி. மாரியிலே வயல் நிறைந்து நிற்கும்போது வேர் அழுகி, தைப்பொங்கலுக்குள் தடி கறுத்துவிடும். வீட்டைச் சூழ்ந்த மேட்டுநிலமே இதற்குரிய இடம். வளவு முழுவதும் பள்ளமாயின், ஒன்றரை அடி உயரத்துக்கு மண்ணை அணைத்து மேடாக்கி, அம்மேட்டின் நடுவே நடலாம்.

தடியைத் தெரிவு செய்யும்போது தாய்மரத்தின் இலையை முதலில் வாயிலிட்டுப் பார்த்தல் நன்று. சில மரங்களின் இலை கைப்பானது. காய் நன்றாயிருப்பதால் இலையும் நன்றாயிருக்கும் என்று கொள்ள முடியாது. காய்ப்பு ஓய்ந்த மரத்திலிருந்து, 5 முதல் 6 அடி நீளமும் மணிக்கட்டின் பருமனும் உடைய முற்றிய தடியை வெட்டுக. இளந்தடி எளிதில் அழுகும். வெட்டிய தடியை இரண்டு மூன்று நாள் நிழலிலே சாய்த்து வைத்தால் வெட்டுவாய் உலர்ந்து இறுகும். பச்சை வெட்டுவாயோடு ஈரமண்ணில் இறக்கிய தடிகளே பெரும்பாலும் அழுகிப் போகின்றன.

குழி ஒன்றரை அடி ஆழமாக இருத்தல் வேண்டும். அலவாங்கினால் துளையிட்டுத் தடியை அடித்து இறக்குவது வேலி அடைப்போர் வழக்கம். கிளுவைக்கும் பூவரசுக்கும் அது பொருந்தும். முருங்கைத் தடியின் பட்டையோ மென்மையானது. அடித்து இறக்கினால் உரிந்துவிடும். மண்வெட்டியால் குழி வெட்டி, மேல்மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து நிரப்பி, தடியை நிறுத்தி மிதித்து இறுக்குவதே சரியான முறை. மக்காத வைக்கோலையும் சருகையும் குழியில் இடுதல் கூடாது. அவை கறையானை அழைக்கும். மேல்நுனியிலே பசுஞ்சாணத்தை உருட்டி அப்பினால் வெயிலில் நுனி உலர்வது தடைப்படும். புரட்டாதிக் கடைசியிலும் ஐப்பசி முற்பகுதியிலும் பெய்யும் முதல் மழைகளோடு நடுகை முடிந்துவிட வேண்டும். கார்த்திகைப் பெருமழை வருமுன் தடி வேர் கொள்ளத் தொடங்கியிருத்தல் வேண்டும்.

இரண்டு மூன்று வாரத்திலே தடியின் மேற்பகுதியில் தளிர் தோன்றும். இத்தளிரைக் கண்டு தடி பிடித்துவிட்டது என்று எண்ணலாகாது. தடியிலே முன்னமே சேர்ந்திருந்த சாற்றினாலும் தளிர் வரும். வேர் பின்னரே இறங்கும். தடியை அசைத்துப் பார்ப்பதும் முதற்றளிரைக் கறிக்குப் பறிப்பதும் அதனைக் கொல்லும் வழிகள். முதல் மூன்று மாதம் ஓர் இலையும் பறியாது விடுதல் வேண்டும். ஆடுமாடு எட்டாதபடி காவோலையாலோ முள்ளாலோ அடைத்தலும் அவசியம். ஆடு இலையோடு நில்லாது பட்டையையும் கடித்துவிடும்.

தடி கிடைக்காத இடத்தில் விதையால் வளர்க்கலாம். புதிய விதையே முளைப்பது உறுதி. பழைய விதையின் முளைதிறன் மாதத்துக்கு மாதம் குறையும். ஓரிரவு நீரில் ஊறவைத்து, பொலித்தீன் பையிலே முக்கால் அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். ஓரடி உயர்ந்ததும் வேர் கலையாமல் நிலத்தில் நடுக. விதை மரத்தின் காய் தாய்மரத்தின் காயை ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இலைக்கு அது பெருங்குறையன்று. மேலும் விதை மரத்துக்கு ஆணிவேர் உண்டு. ஆகவே வரட்சியையும் காற்றையும் தடி மரத்தினும் நன்றாகத் தாங்கும். இந்தியாவிலே பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989ஆம் ஆண்டு வெளியிட்ட பெரியகுளம் 1 என்னும் இனம் விதையாலேயே பயிரிடப்படுவது. அது நட்ட ஆண்டிலேயே காய்க்கும். விதைக் கன்று இரண்டடி உயர்ந்தவுடன் அதன் நுனியைக் கிள்ளுக. பக்கத்தளிர்கள் ஒரு சாண் வளர்ந்ததும் அவற்றையும் பாதியாகக் கிள்ளுக. இந்த இரண்டு கிள்ளலோடு செடி புதர்போலப் படரும்.

வாரத்துக்கு ஒரு மரம்

வெட்டிய முருங்கை மறுபடி தழைத்து இலை தருவதற்கு, நீரும் வெப்பமும் போதிய அளவு உள்ள காலத்தில், 5 முதல் 6 வாரம் செல்லும். இதனை மனத்திற் கொண்டால் எத்தனை மரம் வேண்டும் என்பது தானே விளங்கும். வேலியோரத்திலே மூன்று அல்லது நான்கு அடிக்கு ஒன்றாக ஆறு தடி நட்டு, வாரத்துக்கு ஒரு மரத்தை வெட்டி வந்தால், ஆறாவது மரத்தை வெட்டும்போது முதல் மரம் மீண்டும் தழைத்து நிற்கும். ஆண்டு முழுவதும் இம்முறை சுழலும். ஒரே மரத்தில் நாள்தோறும் இரண்டு ஈர்க்குப் பறிப்பதனால் மரமும் மெலியும், கறிக்கும் இலை போதாது. ஒரே நாளில் ஆறு மரத்தையும் வெட்டுவதனால் ஒரு வாரம் இலை மிஞ்சும், ஐந்து வாரம் வெறுங்கையாக இருக்க நேரும்.

வெட்டும் உயரம் நெஞ்சளவாக இருக்கட்டும். ஏணியும் கொக்கத்தடியும் இன்றி, வீட்டிலுள்ள முதியவர்களும் நிலத்தில் நின்றபடியே வெட்ட இயல வேண்டும் என்பதே இதன் நோக்கம். முருங்கைக் கிளையில் ஏறி விழுந்து கால் முறிந்தோர் இல்லாத ஊர் இல்லை. தளிர்க்கிளை மூன்றடி நீண்டதும், தலைமரத்திலிருந்து விரல் நீளக் குற்றியை விட்டு, கூரிய கத்தியால் சரிவாக வெட்டுக. முறித்து இழுத்தால் பட்டை கீழ்நோக்கி உரியும்; உரிந்த காயத்தின் வழியே நீர் இறங்கி, துளைபுழுவும் அழுகலும் உட்புகும். சரிவான வெட்டிலே மழைநீர் தங்காது. குற்றியில் எழும் தளிர்களில் வலியவை நான்கைந்தை விட்டு ஏனையவற்றைக் கிள்ளி நீக்குக.

கடுங்கோடையிலே மரம் தழைக்க எட்டு வாரமும் ஆகலாம். அக்காலத்தில் மரத்தை முற்றாக மொட்டையடித்தல் கூடாது. பாதிக் கிளைகளை வெட்டி, பாதியை விட்டுவைத்தால் மரம் தளராது. ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் மரத்தடியில் ஒரு கடகம் மக்கிய எருவை இட்டு, மண்ணைக் கிளறி மூடுதல் நன்று. இலை கொண்டு சென்றது மண்ணிலிருந்து கொண்டு சென்றதே. அதனைத் திருப்பிக் கொடாமல் எடுத்துக்கொண்டே இருக்க முடியாது. 2021ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளையின் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது நெல்லும் மரக்கறியும் பட்ட இடர் கமக்காரர் யாவரும் அறிந்ததே. வீட்டு வேலியில் நிற்கும் சில முருங்கைக்கு ஆட்டெருவும் மாட்டெருவும் அடுப்புச் சாம்பலுமே போதும். கோடையில் வாரத்துக்கு இரண்டு முறை, பாத்திரம் கழுவிய நீரையாயினும் மரத்தடிக்கு விட்டால் இலை வாடாது நிற்கும். அந்நீர் தேங்கி நில்லாதபடி மாத்திரம் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இவ்வாறு வெட்டப்படும் மரம் காய்க்காது. காய் பூவிலிருந்து வருவது. பூ முற்றிய கிளையில் வருவது. கிளை முற்ற விடாத இடத்தில் காயை எதிர்பார்த்தல் தவறு. காயும் வேண்டுவோர் வேறொரு மரத்தை ஒதுக்கி, அதனை ஆண்டுக்கு ஒருமுறை, காய்ப்பு முடிந்தபின் மட்டும் தறித்து விடலாம்.

மயிர்க்கொட்டி

முருங்கையை வெறுப்போர் வெறுப்பது பெரும்பாலும் மயிர்க்கொட்டியின் பொருட்டே. மழைக்காலத்திலே அந்துப்பூச்சி இலையிலும் இளந்தண்டிலும் கூட்டங் கூட்டமாக முட்டையிடும். பொரித்த புழுக்கள் இரவிலே கிளைகளில் ஏறி இலையை அரிக்கும். பகலிலே அடிமரத்தில் திரளாக ஒட்டிக் கிடக்கும். அவற்றின் மயிர் உடலிற் பட்டால் தாங்கொணாக் கடி உண்டாகும். இக்காரணத்தால் காய்க்கும் மரத்தையே அடியோடு தறித்து எறிந்த வீடுகள் உண்டு. அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை.

பகலில் அடிமரத்திலே திரண்டு கிடப்பதுதான் இப்புழுவின் பலவீனம். நீண்ட தடியின் நுனியில் துணிப்பந்தம் கட்டி, தீயை அத்திரளின் மீது விரைவாகத் தடவி எடுத்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒருங்கே அழியும். தீ பட்டையிலே தங்கினால் மரமும் வெந்துவிடும். தடவிய கை நில்லாது நகர வேண்டும். பனையோலை வேலியும் கிடுகுக் கூரையும் அண்மையில் உள்ள இடத்தில் பந்தம் கூடவே கூடாது. அங்கே நீண்ட ஈர்க்கு விளக்குமாற்றால் புழுக்களைச் சவர்க்கார நீர் நிறைந்த வாளியிலே தட்டி வீழ்த்தலாம். கை, கழுத்து, முகம் ஆகியவற்றைத் துணியால் மூடிக்கொள்ளுதல் வேண்டும். காற்று வீசும் திசைக்கு எதிரே நிற்றல் ஆகாது. வளர்ந்த புழு மண்ணுள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். ஆதலால் மாரி கழிந்ததும் மரத்தடி மண்ணை நான்கு அங்குல ஆழத்துக்குக் கொத்திவிட்டால், வெளிப்படும் கூடுகளைக் கோழிகளும் பறவைகளும் தின்று தீர்க்கும்.

இலைக்கென நெஞ்சளவில் வளர்க்கும் மரத்துக்கு இவற்றினும் எளிய காவல் ஒன்று உண்டு. மரத்தின் தலை கண்ணுக்கு நேரே இருப்பதனால் முட்டைத்திரள் இட்டவுடனேயே தெரியும். அக்கிளையை வெட்டி மண்ணிலே புதைத்துவிட்டால் வேலை முடிந்தது. 20 அடி உயர மரத்திலே புழு கீழிறங்கிய பின்னரே கண்ணிற் படும்.

இளம்புழுக்களுக்கு வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லீற்றர் நீருக்கு 50 கிராம் வீதம் ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து தெளிக்கலாம். தெளித்த இலையை ஒரு வாரம் பறியாது விட்டு, பின் நன்கு கழுவிக்கொள்ளுதல் வேண்டும். இரசாயன நஞ்சை இலைமுருங்கைக்குத் தெளித்தல் ஒருபோதும் கூடாது. இன்று தெளித்த இலையை நாளை அயல்வீட்டுப் பிள்ளை வந்து பறித்துச் செல்வதும் உண்டு.

மரக்கறிச் செய்கையாளர் இவ்விடத்திலே மேலும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தாம் முருங்கைக்கு நஞ்சு தெளிப்பதில்லை என்று பலர் கூறுவர். அவர்களது முருங்கை நிற்பதோ மிளகாய்த் தோட்டத்து வேலியில். மிளகாய்க்கும் கத்தரிக்கும் வெங்காயத்துக்கும் தெளிக்கும் நஞ்சு காற்றோடு சென்று அவ்வேலி மரத்தின் இலையிலே படிகின்றது. கண்ணுக்கு அது தெரியாது. மிளகாய்க்குத் தெளித்தபின் இத்தனை நாள் பறிக்கலாகாது என்று போத்தலின் சீட்டிலே குறித்திருப்பதைப் பின்பற்றுவோரும், அதே நாளில் வேலி முருங்கையிலையைக் கறிக்கு ஒடிக்கக் காணலாம். ஆகவே இலைக்குரிய ஆறு மரங்களும் தோட்ட வேலியில் அல்லாமல் வீட்டுப் பக்கத்து வேலியில், குசினிக்கு அண்மையாக நிற்றலே தகும். அவ்வாறு இடமில்லாதோர், தோட்டத்துக்கு நஞ்சு தெளிக்குமுன் இலையை வெட்டி எடுத்துவிட்டு, சீட்டிலே குறித்த நாட்கள் கழியும்வரை அம்மரத்தைத் தொடாதிருத்தல் வேண்டும்.

குசினியில்

யாழ்ப்பாணத்திலே நண்டுக்கறியை இறக்கும் தறுவாயில் ஒருபிடி முருங்கையிலை இடுவர். கூழுக்கும் சொதிக்கும் அவ்வாறே இறுதியில் இடும் வழக்கம் உண்டு. வாசனைக்கென ஏற்பட்ட இவ்வழக்கம் சத்தையும் காப்பாற்றுகின்றது. நெடுநேரம் கொதித்தால் உயிர்ச்சத்து சீ பெரிதும் அழியும். தேங்காய்ப்பூச் சேர்த்து வறை செய்வதும் சிறந்த முறையே. கரற்றீன் கொழுப்போடு சேர்ந்தாற்றான் உடலிலே நன்கு ஏறும். தேங்காய் அக்கொழுப்பைத் தருகின்றது. அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய்ப் புளி சிறிது விட்டால் இலையிலுள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக ஏற்றுக்கொள்ளும். சோறு உண்ட கையோடு தேநீர் அருந்தினாலோ அவ்விரும்பின் ஒரு பகுதி உடலிற் சேராது போகும். தேநீரை ஒருமணி நேரம் பிந்தி அருந்தலாம்.

வேரும் வேர்ப்பட்டையும் உணவுக்கு ஆகா. அவற்றிலே தீங்கு தரும் பொருள்கள் உள. கருவுற்றோர் அவற்றை எவ்வகையிலும் உட்கொள்ளுதல் கூடாது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்போர் இலையைக் கறியாக உண்பதிலே தடையில்லை; தூளாகவோ குளிசையாகவோ நாள்தோறும் உட்கொள்ள விரும்பின் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

சந்தைக்கு அனுப்புவோர் இலையை உருவாமல் ஈர்க்கோடு பிடியாகக் கட்டி, ஈரச்சாக்கிலே சுற்றி, விடியற்காலையில் அனுப்புதல் வேண்டும். வெயிலேறியபின் வெட்டிய பிடி சந்தையை அடையுமுன் சோர்ந்து, இலை கொட்டத் தொடங்கும். மாரியிலே இலை மிஞ்சும் வீட்டார் அதனைக் கோடைக்கு உலர்த்தி வைக்கலாம். கழுவி நீரை வடித்து, காற்றோட்டமுள்ள நிழலிலே சுத்தமான துணியில் மெல்லிதாகப் பரப்பி, நாள்தோறும் இரண்டு மூன்று முறை புரட்டுக. வெயிலில் உலர்த்தினால் நிறமும் கரற்றீனும் கெடும். விரலால் நசுக்கும்போது நொறுங்கும் பதம் வந்ததும் இடித்து அரித்து, ஈரமில்லாத பேணியில் இட்டு, மூடியை இறுக்கி இருட்டான இடத்தில் வைத்தல் வேண்டும். 10 கிலோ பச்சை இலை ஏறத்தாழ 2 கிலோத் தூளாகச் சுருங்கும். பேணியைத் திறக்கும்போது பூஞ்சண மணம் வீசினால் அத்தூளைக் கோழிக்கும் இடாமல் எருக்குழியில் கொட்டிவிடுதல் வேண்டும்.